விதைக்கு மாற்று உண்டு, தலைவருக்கு?

மாப்பிள்ளைச் சம்பாவோ பூங்காரோ, எந்த ரகமானாலும் ரெண்டு மூணு வீட்டுல விதை எடுத்து வைக்கிறோம். ஒரு வீட்டுல எலி புகுந்தாலும் அடுத்த வீட்டுல விதை இருக்கும். ஆனா சங்கத்தை மட்டும் ஒரே ஆள்கிட்ட விட்டுடறோம். வங்கிக் கையெழுத்து அவருது, வியாபாரிகள் நம்பர் அவர் போன்ல, பி.ஜி.எஸ். சான்றுக் காகிதம் அவர் வீட்டுப் பெட்டியில. அவர் படுத்தா சங்கமும் படுத்துக்கும். வேடந்தாங்கலைச் சுத்தியுள்ள எங்க ஊர்களிலும் இதுதான் நிலைமை.

ஏரிப் பறவைகளைக் காக்கிற விஷயத்தில் இதே வேடந்தாங்கல் வேற மாதிரி. தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கம் தலைமுறை தாண்டி நிக்குது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு ஊருக்கே தெரியும். ஒருத்தர் தலையில ஏத்தின வேலை இல்லை அது.

சங்கப் பொறுப்பை எப்படிக் கைமாத்தறதுன்னு படிக்கவும் தூரம் போக வேண்டாம். பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுத்தார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை.

நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அங்கே இடம் இருந்தது. அந்தப் பகுதி நமக்கு வேண்டாம். ஓய்வும் கணக்கும், இந்த ரெண்டை மட்டும் எடுத்துக்குவோம்.

இன்றைய சட்டமும் காலம் வைத்திருக்கிறது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. உழவர் உற்பத்தியாளர் கம்பெனி இயக்குநருக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஆனா அதே ஆள் மறுபடி வரலாம். அதனால ஓய்வு விதியை நாமதான் எழுதிக்கணும்.

நம்ம இயக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. நெல் ஜெயராமன் 2006-லிருந்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்குபவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் தரணும் என்பது ஏற்பாடு. 2018 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார். திருவிழா நிற்கவில்லை. அவர் இருக்கும்போதே விதை ஆயிரக்கணக்கான கைகளுக்குப் போயிருந்தது.

நம்ம சங்கத்தில் செய்ய வேண்டியவை:

1. ஒருவர் தொடர்ந்து ரெண்டு முறைக்கு மேல் அதே பதவியில் இருக்கக் கூடாது. பிறகு ஒரு முறையாவது ஓய்வு. இதைப் பைலாவில் எழுதுங்க.

2. தலைவர், செயலாளர், பொருளாளர் ஒவ்வொருவரோடும் ஒரு துணை ஆள் ஓராண்டு கூடவே இருக்கட்டும். நாற்றங்காலில் நாற்று தயாராகாமல் நடவு இல்லையே. விதை பொறுக்கும் பெண்களையும் ஊருக்குத் திரும்பிய இளைஞர்களையும் முதலில் கூப்பிடுங்க.

3. ஒப்படைப்பு நோட்டு ஒன்று போடுங்க. வங்கி விவரம், உறுப்பினர் பட்டியல், எந்த விதை யார் வீட்டில், வாங்குபவர் யார், வரவேண்டிய பணம், சான்று புதுப்பிக்கும் நாள், எல்லாம் அதில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவில் வாசிங்க.

4. ஆள் மாறியதும் தீர்மானம் போட்டு வங்கிக் கையெழுத்தை மாத்துங்க. சங்கமானால் மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 கொடுங்க.

5. விலகியவர் ஆலோசனை சொல்லட்டும். கையெழுத்தும் சாவியும் புதியவரிடம் இருக்கட்டும்.

தலைவர் நல்லா இருக்கும்போது இதைப் பேசினால் யார் மனசும் நோகாது. முடியாமல் ஆனபிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும். அடுத்த பொதுக்குழு அழைப்பிதழிலேயே இதை ஒரு பொருளாகச் சேருங்க.