மணலின்கீழ் உள்ள நன்னீரைக் காத்தல்

திருகோணமலை மாவட்டத்திலே உப்புவெளி, நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி ஆகிய கரையோர ஊர்களிற் சின்ன வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் பெரும்பாலும் கிணற்று நீரைக் கொண்டே செய்கை பண்ணப்படுகின்றன. இக்கிணறுகள் மணலிலே தோண்டப்பட்ட ஆழங்குறைந்த கிணறுகள். கடல் கூப்பிடு தொலைவிற் கிடக்க, கிணற்றில் மட்டும் நன்னீர் ஊறுவது எவ்வாறு? இதன் காரணத்தை அறியாது நீர் இறைக்கும் கமக்காரர் நாளடைவிற் கிணற்றையும் நிலத்தையும் ஒருங்கே இழக்க நேரிடும்.

மணலில் விழும் மழைநீர் கீழிறங்கித் தேங்குகின்றது. பக்கத்தே கடலிலிருந்து வரும் உவர்நீரும் அதே மணலினுள்ளே நிற்கின்றது. 1,000 இலீற்றர் நன்னீரின் நிறை 1,000 கிலோகிராம். அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம். ஆகவே, பாரங்குறைந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. இரண்டும் சந்திக்குமிடத்திற் சிறிது கலப்பும் உண்டு. எனவே கரையோரக் கிணற்று நீர் கடலிலிருந்து வடிகட்டப்பட்டு வருவதன்று. அது முற்றிலும் மாரி மழை தந்த நீரே.

இம்மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. ஒல்லாந்து நாட்டவரான பாடன் கீபன் 1888ஆம் ஆண்டளவிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901ஆம் ஆண்டிலும் அதனைத் தனித்தனியே எடுத்துரைத்தனர். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருப்பின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். (இடையிலே பாறை குறுக்கிடின் அவ்வளவு இராது.) இக்கணக்கின் மறுபக்கத்தையே கமக்காரர் கருத்திற் கொள்ளல் வேண்டும். இறைப்பினால் நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நின்றுவிடின், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலெழ முற்படும். கிணற்றடியில் மட்டம் விரைவாகத் தாழும்போது உவர்நீர் அவ்விடத்திற் புற்றுப்போலக் குவிந்து எழுகின்றது.

கிணறு வற்றினால் மேலும் ஆழமாக்குவது வழக்கம். கற்பாங்கான உள்நாட்டு நிலத்தில் அது பயன்தரலாம். கரையோர மணலிலோ அது உவர்நீரை நாடித் தோண்டுவதாகும். குழாய்க்கிணறு இறக்கிப் பெரிய இயந்திரத்தால் இறைப்பதும் அத்தகையதே. ஆழமான கிணறு ஒன்றிலும் ஆழங்குறைந்த கிணறுகள் இரண்டு மேல். சிறிய இயந்திரத்தைக் கொண்டு காலையிற் சிறிது, மாலையிற் சிறிதாக இறைத்து, இடையிலே கிணறு ஊறுவதற்கு அவகாசம் அளித்தல் வேண்டும். துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, ஆகையால் நாமே அளவு வைத்தல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியபோது எண்ணற்ற கிணறுகளிற் கடல்நீர் புகுந்தது. உவரைப் போக்கும் நோக்குடன் பலர் அவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தனர். அளவுமீறி இறைத்தது நிலைமையைத் திருத்தாமல், சில இடங்களிற் கீழிருந்த உவரை மேலே கொணரவும் ஏதுவாயிற்று. பின்னர் அந்த உவரைக் கழுவி இறக்கியது பெருமளவில் மாரி மழையே.

ஆகவே நீரைக் காத்தல் மழை நாளிலேயே தொடங்குதல் வேண்டும். நம் மாவட்டத்து மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கின்றது. 1 ஏக்கர் நிலத்தில் 1 அங்குல மழை விழின், அது ஏறத்தாழ 100,000 இலீற்றர் நீராகும். தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரம்பு கட்டி, சரிவுக்குக் குறுக்கே சிறு அணைகளும் அமைப்பின், அந்நீர் ஓடாது நிலத்துள் இறங்கும். மழைத்தண்ணீரைக் கடலுக்கு வெட்டிவிட்டுப் பங்குனியிற் கிணற்றை நொந்துகொள்வதில் நியாயமில்லை. கரையிலுள்ள மணற்குன்றுகளையும் வெட்டி ஏற்றலாகாது. அவையும் நன்னீரைத் தாங்கி நிற்பவை. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் அம்மணலைப் பிடித்து வைப்பதனால் அவற்றை அழியாது விடுக.

மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. மிகுதியாகப் பாய்ச்சிய நீர் வேரைக் கடந்து போய்விடும். நன்கு உக்கிய கூட்டெருவும் சீமைக்கிளுவை, பூவரசு ஆகியவற்றின் தழையும் இட்டால் ஈரம் தங்கும். பாத்திகளை வைக்கோலால் மூடுதலும் நன்று. வசதியுள்ளோர் தூவல் முறையையோ சொட்டு முறையையோ கைக்கொள்ளலாம்.

இனி, உவரைத் தாங்கும் ஆற்றல் பயிருக்குப் பயிர் வேறுபடும். நீரின் உவர்த்தன்மையை அதன் மின்கடத்துதிறனால் அளப்பர். அது மீற்றருக்கு 0.7 டெசிசீமென்சைத் தாண்டும்போது போஞ்சியின் விளைவு குறையத் தொடங்கும், வெங்காயத்துக்கு 0.8, தக்காளிக்கு 1.7, நெல்லுக்கு 2. நாக்கு உவரென்று தெளிவாக உணருமுன்னரே வெங்காயம் அதனை உணர்ந்துவிடும். தாளின் நுனி கருகுவதை நோயென்று எண்ணி மருந்து தெளிப்பதற்கு முன், நீரைச் சோதிப்பித்தல் வேண்டும்.

நெல் வயலுக்கும் இதே விதி பொருந்தும். தம்பலகாமக் குடாவையும் கொட்டியாரக் குடாவையும் அடுத்த தாழ்ந்த வயல்களில் நன்னீர் தேங்கி நிற்கும் வரை உவர் கீழே அழுத்தப்பட்டிருக்கும். நிலம் காய்ந்து வெடித்தவுடன் ஈரத்தோடு உவர் மேலேறி வெண்பொருக்காகப் படியும். பெரும்போகத்தின் முதல் மழையைக் கட்டி, மண்ணைக் கலக்கி, அந்நீரை வடியவிட்டபின் மீண்டும் நன்னீர் கட்டி விதைத்தல் வேண்டும். கடல்நீர் ஏறும் வடிகாலின் வாயிற் பலகைக் கதவு இடுக. அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட ஏ.ரி. 354 என்னும் நெல்லினம் உவரை ஓரளவு தாங்கவல்லது. ஆயினும் அதனை நம்பி வரம்பைக் கைவிடலாகாது.

மற்றொன்று யூரியாப் பசளை. மணலில் ஒரே முறையாக அள்ளி இட்ட யூரியா நைத்திரேற்றாக மாறி நேரே கிணற்றைச் சேரும். அதே கிணற்றிலே குடிநீர் அள்ளும் வீடுகள் பல. 1 இலீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரித்து உயிராபத்து நேரலாம். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. சிபாரிசு செய்யப்பட்ட அளவையே பல கூறாகப் பிரித்து இடுக. பெருமழைக்கு முன்னர் இடாதிருக்க.

நீரைச் சோதிப்பிக்க விரும்புவோர், இறைக்கத் தொடங்கியவுடன் எடுத்த நீரைக் கொணர்வதாற் பயனில்லை, அது மேல்நீர். வழக்கம்போல இறைத்து முடியும் வேளையில், சுத்தமான போத்தலொன்றை அதே நீரால் மும்முறை அலம்பி, நிரம்ப எடுத்து மூடி, கிணற்றின் ஆழத்தையும் எடுத்த நாளையும் ஒட்டி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கவும். மாரி முடிந்தவுடன் ஒருமுறையும், கோடைப் பயிர் நடுமுன் ஒருமுறையும் எடுத்தல் போதுமானது.