காற்றுக்கு வழிவிட்ட வீடுகள்

நண்பகல் வேளையில் பினாங்கு, ஜார்ஜ் டவுனின் குயின் வீதி அனலாய்க் கொதிக்கும். 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு வருவோர் வாசலில் செருப்பைக் கழற்றியதும், தரையின் சூடு பாதத்தைச் சுடும். ஆனால், அங்கிருந்து சில அடி தூரத்தில் உள்ள பழைய கடைவீடு ஒன்றினுள் நுழைந்து, நடுக்கூடத்தைத் தாண்டினால் நிலைமை மாறிவிடும். அங்குக் குளிரூட்டி இல்லை, மின்விசிறியும் சுழலவில்லை. இருப்பினும், உடலில் வியர்வை அடங்குகிறது.

இந்தக் கடைவீடுகளில் பல, வீடுகளுக்கு மின்சாரம் வராத காலத்தில் கட்டப்பட்டவை. விசையைத் தட்டினால் குளிர் வரும் என்னும் எண்ணமே அன்று எவருக்கும் இல்லை. பகல் முழுவதும் வெயில், ஆண்டு முழுவதும் புழுக்கம், திடீரென்று பெய்யும் மழை ஆகிய மூன்றையும் சுவரும் கூரையும் சன்னலும்தான் சமாளிக்க வேண்டும். ஆகவே, கொத்தனார்களும் தச்சர்களும் வீட்டையே ஒரு குளிர்க்கருவியாகக் கட்டினர்.

கடைவீட்டின் முகப்பு ஏறக்குறைய 5 அல்லது 6 மீட்டர் அகலமே இருக்கும். உள்நீளமோ 30 மீட்டரையும் தாண்டும். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க இயலாது. இத்தகைய வீடு இருட்டாகவும் புழுக்கமாகவும்தான் இருக்க வேண்டும். அப்படி ஆகாமல் காப்பது நடுவிலுள்ள திறந்த முற்றம். சீனர்கள் இதனை 'வானக் கிணறு' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். சூடான காற்று எடை குறைந்தது. அது மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேறுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, முன்வாசலின் மேலுள்ள துளைகள் வழியாகவும் மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய சன்னல்கள் வழியாகவும் தெருக்காற்று உள்ளே வருகிறது. மழை பெய்தால் முற்றத்துத் தரை நனைகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. பகலில் விளக்குப் போட வேண்டிய தேவையும் இல்லை.

முற்றத்தைத் தமிழருக்கு எவரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பினாங்கு வீதியில் கிட்டங்கி அமைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், செட்டிநாட்டில் முற்றம் வைத்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். கடல் கடந்து வந்து, சீனக் கைவினைஞர் கட்டிய கடைவீட்டினுள் நுழைந்தபோது, தலைக்கு மேல் திறந்திருந்த வானம் அவர்களுக்குப் பழகியதாகவே இருந்திருக்கும்.

முன்புறத்தில் உள்ள ஐந்தடிப் பாதையும் அதேபோல் பயனுள்ளது. மலாய்மொழியில் இதற்குக் 'காக்கி லீமா' என்று பெயர். சிங்கப்பூரில் கட்டடங்களின் முன் இத்தகைய நடைபாதை அமைய வேண்டும் என்று 1822இல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் கூறியது. பின்னர் அவ்வழக்கம் மற்ற நகரங்களிலும் பரவியது. நடப்பவரை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பதற்கே இப்பாதை ஏற்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது வீட்டையும் காக்கிறது. மேல்மாடி முன்னே நீண்டு நிழல் தருவதால், கீழ்த்தளச் சுவரில் நேர்வெயில் விழுவதில்லை. மாலை வெயில் சாய்வாக நுழையும் இடங்களில் தூண்களுக்கு இடையே மூங்கில் தட்டியைத் தொங்கவிடுவர். (இன்று சில இடங்களில் சரக்குப் பெட்டிகளையும் மோட்டார்சைக்கிள்களையும் தாண்டித்தான் இப்பாதையில் நடக்க வேண்டியுள்ளது.)

சுவர்களைச் செங்கல்லால் தடிப்பாகக் கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினர். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். லெய்த் வீதியில் உள்ள சியோங் ஃபாட் சே மாளிகையின் நீலச் சுவர்களும் இவ்வகையே. சுண்ணாம்புடன் அவுரிச் சாயம் கலந்ததால் வந்த நீலம் அது. ஐந்து முற்றங்கள் கொண்ட அம்மாளிகை சீரமைக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகரமே மலாக்காவுடன் சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இதற்கிடையில், பல கடைவீடுகள் தம் குளிர்ச்சியை இழந்துவிட்டன. திருட்டுக்கு அஞ்சியும், மழைச்சாரலுக்கும் புறா எச்சத்துக்கும் சலித்தும், கூடுதலாக ஓர் அறை வேண்டும் என்று விரும்பியும் உரிமையாளர்கள் முற்றத்தைக் கூரையிட்டு மூடினர். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்டு பூசினர். ஓடு உடைந்த இடத்தில் தகரம் வந்தது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான முடிவுதான். மூன்றும் சேர்ந்ததும் வீடு மூச்சுத் திணறியது. பகலிலும் விளக்கு எரிய வேண்டியதாயிற்று. இரவில் குளிரூட்டி இல்லாமல் உறங்க முடியவில்லை. முன்பு காற்று இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தப்படுகிறது.

அந்த வேலைக்கு எவ்வளவு மின்சாரம் தேவை? ஒரு கருவியின் வாட் அளவை அது இயங்கும் மணி நேரத்தால் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் கிலோவாட் மணி கிடைக்கும். 75 வாட் மின்விசிறி இரவில் 8 மணி நேரம் சுழன்றால் 0.6 கிலோவாட் மணி செலவாகும். 900 வாட் குளிரூட்டி அதே 8 மணி நேரம் முழு வேகத்தில் இயங்கினால் 7.2 கிலோவாட் மணி செலவாகும். இது பன்னிரண்டு மடங்கு. அறை குளிர்ந்தபின் குளிரூட்டியின் வேகம் தணியும் என்பதால் உண்மைச் செலவு இதைவிடக் குறையும். ஆயினும், வேறுபாடு பெரிதே.

பலரும் கவனிக்காத கருவி குளியலறையில் இருக்கிறது. 3,600 வாட் சுடுநீர்க் கருவியின் கீழ் ஒருவர் 15 நிமிடம் குளித்தால் 0.9 கிலோவாட் மணி செலவாகிறது. இரவு முழுவதும் சுழன்ற மின்விசிறியைவிட இது அதிகம்! நால்வர் உள்ள குடும்பத்தில் ஒவ்வொருவரும் நாள்தோறும் 15 நிமிடம் குளித்தால், 30 நாளில் 108 கிலோவாட் மணி ஆகும். குளியலை 5 நிமிடமாகக் குறைத்தால் அது 36 ஆகிவிடும். விளக்கை அணைக்கவில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வீடுகளிலும் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

இம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி, நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் எரித்தே உற்பத்தி செய்யப்படுகிறது. நிலக்கரி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்து சேர்கிறது. எரிக்கும்போது வெளியாகும் கரிவளி பூமியை மேலும் சூடாக்குகிறது. சூடு கூடினால் குளிரூட்டி கூடுதலாக இயங்கும்; அதற்கு மேலும் நிலக்கரி தேவைப்படும்.

இன்று பெரும்பாலோர் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கின்றனர். அங்கு முற்றம் அமைக்க இயலாது. ஆனால், முற்றத்தின் வேலையை வேறு வழியில் ஓரளவு செய்யலாம். ஒரே ஒரு சன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் காற்று வரவில்லை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியேற மற்றொரு வழியும் வேண்டும். எனவே, எதிரெதிர் பக்கங்களில் உள்ள சன்னல்களையும் இடையிலுள்ள கதவுகளையும் சேர்த்துத் திறக்க வேண்டும். மேற்குப் பார்த்த சன்னலுக்கு வெளியே தட்டி கட்டுவது, உள்ளே திரை போடுவதைவிட நல்லது. கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் தோலின்மேல் காற்றை ஓட்டி வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் எவருக்கும் பயனில்லை. குளிரூட்டியை 24 பாகை செல்சியசில் வைத்து, கூடவே மின்விசிறியைச் சுழலவிட்டால், 18 பாகையில் போர்வைக்குள் நடுங்க வேண்டியதில்லை. தூசி படிந்த வடிகட்டியைக் கழுவுவதும் உதவும். குளிர்பதனப் பெட்டி நாள் முழுவதும் ஓயாமல் உழைக்கும் கருவி. அதன் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் எளிதாக வழுக்கி வந்தால் இரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் கசிகிறது. புதிய கருவி வாங்குவோர், எரிசக்தி ஆணையத்தின் விவரச்சீட்டில் உள்ள நட்சத்திரங்களைப் பார்த்து வாங்குவது நல்லது. ஐந்து நட்சத்திரம் பெற்ற கருவி குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. முதியவர், கைக்குழந்தை, நோயாளி ஆகியோரின் உடல் கடும் வெப்பத்தைத் தாங்காது. வெப்ப அலை வீசும் நாளில் பாட்டியின் அறையில் குளிரூட்டியை அணைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. அந்த மின்சாரத்தைச் சுடுநீர்க் குளியலில் மிச்சப்படுத்தலாம்.

தீபகற்ப மலேசியாவில் 2025ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மின்கட்டண முறையில், மாதத்திற்கு 1,000 கிலோவாட் மணி வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கக் கழிவு உண்டு. பயனீடு குறையக் குறைய ஒவ்வோர் அலகுக்கும் கிடைக்கும் கழிவு கூடும். தம் வீடு எந்த நிலையில் உள்ளது என்பதை அறிய மாணவர்கள் மின்கட்டண விவரச்சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவு 10 மணிக்கு மின்மானியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். காலை 6 மணிக்கு மீண்டும் குறித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் அந்த இரவின் செலவு தெரியும். மறுநாள் இரவு, அதிகாலை 3 மணிக்குக் குளிரூட்டி தானாக நிற்கும்படி அமைத்து, சன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, மீண்டும் குறித்துப் பார்க்கலாம். இரண்டு இரவுகளின் எண்களையும் ஒரே தாளில் எழுதி, வீட்டில் மின்கட்டணம் செலுத்துபவரிடம் காட்டலாம்.