நெஞ்சு கரிக்குதா?

எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் "நெஞ்சு கரிக்குது, புளிச்ச ஏப்பமா வருது" என்ற பேச்சைக் கேட்கிறோம். இரைப்பையில் உள்ள அமிலம் மேலேறி உணவுக்குழாயில் படுவதால்தான் இந்த எரிச்சல். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ராத்திரி 10 மணிக்கு மிச்சத்தைச் சாப்பிட்டு, உடனே பாயை விரிக்கிறோமே, அது இதை அதிகமாக்கும். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள். "எல்லாரும் சேர்ந்து உட்காருவோம்" என்று வீட்டில் சொன்னால் தப்பில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எரிச்சல் குறையும். வெறும் வயிற்றில் உடம்புவலி மாத்திரை வேண்டாம். 2 வாரத்துக்கு மேல் எரிச்சல் நீடித்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, மூச்சு வாங்கினால் 'கேஸ்'தான் என்று சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். எந்நேரமானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.