மலைவாழ்வு உணர்த்தும் நன்றி

இன்றைய இடுக்கி மாவட்டத்து மூணாறு மலைகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டத் தொழில் வேரூன்றியபோது, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தமிழர் பலர் குடும்பத்தோடு அங்குக் குடியேறினர். வறண்ட சமவெளியில் வளர்ந்தவர்களுக்குக் குளிரும் அட்டைக்கடியும் ஓயாத மழையும் புதியவை. வரிசையாகக் கட்டப்பட்ட லயத்தின் சிற்றறையே அவர்களுக்கு இல்லமாயிற்று. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மூணாற்றின் இரயில்பாதையையே அழித்தது.

இத்தகைய சூழலில் மனிதனைத் தாங்கி நிற்பவை எவை? மூட்டிய அடுப்பின் வெம்மை, காய்ச்சல் கண்ட நாளில் கஞ்சி தரும் பக்கத்து வீட்டார், வேலை கற்றுத்தரும் மூத்த தொழிலாளி. நாள்தோறும் கிடைப்பதாலேயே இவற்றின் அருமையை நாம் மறக்கிறோம்.

ஆயினும், நன்றியுணர்வு என்பது குறைகளைக் கண்டும் வாய்மூடி இருப்பதன்று. திருக்குறளின் 11-ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்' எனப் பெயர் பெற்றது. செய்யப்பட்ட நன்மையை அறிவதே நன்றி. அநீதியையும் நன்மையெனக் கொள்வது நன்றியாகாது. 2015 செப்டம்பரில், 232 ரூபாய் நாட்கூலி பெற்றுவந்த மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு, 20 சதவீத போனஸ் கோரிப் போராடி வென்றனர். ஒருவர் துயரில் மற்றவர் பங்குகொள்ளும் பழக்கமில்லாத இடத்தில் இத்தகைய ஒற்றுமை எளிதில் தோன்றுவதில்லை.

புதிய ஊருக்கும் பணிக்கும் செல்வோர், உறங்கச் செல்லுமுன் அன்று தமக்கு உதவியவர்களை நினைவுகூரட்டும். மறுநாள் ஒருவருக்கேனும் உதவட்டும். அயலூர் சொந்த ஊராவது அவ்வாறே.