முன்சில்லில் சத்தமா? முதலில் காரணத்தைத் தேடுங்கள்

ஜீப்பின் முன்பக்கத்தில் சத்தம் கேட்டதும் உதிரிப்பாகக் கடைக்கு ஓடுவது வியாபாரிகளாகிய நம்மில் பலருடைய பழக்கம். நானும் அப்படித்தான் இரண்டு ஷொக் அப்சோபரையும் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம், சத்தம் நிற்கவில்லை. தேய்ந்திருந்தது ஒரு போல் ஜொயின்ட்.

எனவே, சத்தம் எப்போது வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு உரசுவது போலிருந்தால் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது "டக் டக்" என்றால் சீ.வீ. ஜொயின்டைப் பாருங்கள். வேகத்தோடு இரைச்சலும் கூடினால் வீல் பெயாரிங்கைப் பாருங்கள். பள்ளத்தில் விழும்போது "டொக்" என்றால் போல் ஜொயின்ட், புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

பின்னர் கராஜில் ஜீப்பை ஜாக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் கோளாறு பெயாரிங்கில். நிற்காவிட்டால் போல் ஜொயின்டில். இடம் வலமாக மட்டும் ஆடினால் டை ரொட் என்டைப் பார்க்க வேண்டும்.

போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு சரிந்துவிடும். ஸ்டியரிங் கைக்கு அடங்காது. அதை நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். சரக்கைப் பார்த்துத்தானே விலை பேசுகிறோம்? வாகனத்திலும் கோளாறைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.