15 வினாடியில் அணைந்துபோகும் கம்ப்யூட்டர்

கேள்வி: பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சின்னதாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், வாங்கி ஆறு வருடம் ஆகிறது. சில மாதங்களாக முன்பக்க யுஎஸ்பி போர்ட்டில் பென்டிரைவ் போட்டால் வருகிறது, போகிறது. 'பவர் சர்ஜ்' என்று ஒரு மெசேஜும் அடிக்கடி வரும். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும்தான், டிரைவ் தெரிவதில்லை. பின்பக்கம் இருக்கும் கீபோர்டு, மவுஸ், பிரின்டர் எல்லாம் நன்றாகவே ஓடின. போன வாரத்திலிருந்து சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் யுஎஸ்பி ஓவர் கரன்ட் என்று எழுத்து வந்து, 15 வினாடியில் தானாக அணைந்துவிடுகிறது. சர்வீஸ் செய்பவர் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு சார், இந்த மாடல் இப்ப கிடைக்காது, பிராசசர், ராம் எல்லாம் சேர்த்துத்தான் மாத்தணும்" என்கிறார். வேறு வழி உண்டா? இன்னொன்று, சிபியு பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: மதர்போர்டுக்கு இப்போதைக்குக் காசு செலவழிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு முன்பக்க போர்ட்டின் மேல்தான் சந்தேகம். முதலில் பென்டிரைவ் விட்டுவிட்டு வந்தது, அப்புறம் ஹார்ட் டிஸ்க் சுற்ற முடியாமல் திணறியது, கடைசியில் ஓவர் கரன்ட். ஒரே இடத்தில் படிப்படியாக முற்றிய கோளாறு மாதிரித்தான் இருக்கிறது. 15 வினாடி கெடு கொடுத்துவிட்டு அணைகிற போர்டு செத்துப்போன போர்டு இல்லை. எங்கேயோ ஷார்ட் ஆகிறது என்று கண்டுகொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

டார்ச் அடித்து அந்த முன்பக்க போர்ட்டுக்குள் பாருங்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு, அதன் மேல் வரிசையாக நான்கு சின்னத் தகடுகள் இருக்கும். ஒரு ஓரத்துத் தகட்டில் 5 வோல்ட், மறு ஓரத்தில் கிரவுண்ட், நடுவில் இருக்கும் இரண்டும் டேட்டாவுக்கு. சுற்றியிருக்கும் இரும்புக் கூடும் கிரவுண்டோடு சேர்ந்ததுதான். ஜெராக்ஸ் கடையில் இந்த போர்ட் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. பிரின்ட் எடுக்க வருகிற பிள்ளைகள் பென்டிரைவைத் தாங்களே செருகுவார்கள், அதுவும் தலைகீழாக வைத்து அழுத்துவார்கள். நாக்கு உடைந்து அந்த 5 வோல்ட் தகடு வளைந்து கூட்டில் பட்டால் முடிந்தது கதை. வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் ஊசி விட்டு நிமிர்த்தாதீர்கள். அது நிமிர்ந்து நிற்காது.

இனி சோதனை. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஷட் டவுன் ஆன பிறகும் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) ஒரு 5 வோல்ட் லைனைத் தனியாக உயிரோடு வைத்திருக்கும். ராத்திரி கடையைப் பூட்டும்போதும் ஆப்டிகல் மவுசின் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த லைன்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் மிச்சமிருக்கும் சார்ஜும் வடிந்துவிடும்.

சிபியு பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றுங்கள். முன்பக்க போர்ட்டிலிருந்து வரும் வயர், மதர்போர்டின் கீழ் ஓரத்தில் 9 பின் கொண்ட ஒரு இணைப்பில் செருகியிருக்கும். பக்கத்திலேயே யுஎஸ்பி என்று அச்சிட்டிருக்கும். முன்னால் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டும் இருந்தால் அதற்கு 19 பின்னோடு தடியான ஒரு வயர் தனியாக வரும். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டையும் கழற்றிவிடுங்கள். பின்பக்க யுஎஸ்பி போர்ட்களில் கீபோர்டைத் தவிர எதையும் வைக்காதீர்கள். இப்போது மின்சாரம் கொடுங்கள்.

எழுத்து வராமல் விண்டோஸ் திறந்துவிட்டால் போர்டு தப்பித்தது. முன்பக்க யுஎஸ்பி பேனலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; போர்டு விலையோடு ஒப்பிட்டால் அது டீ செலவு. உங்கள் கேபினட்டுக்குப் பொருந்துகிற பேனல் கிடைக்காவிட்டால் வயரை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்க போர்ட்டை வைத்தே ஓட்டலாம், கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்து மறுபடியும் வந்தால் கீபோர்டையும் பிடுங்கிப் பாருங்கள், பின்பக்க போர்ட்களுக்குள்ளும் டார்ச் அடியுங்கள். எதுவுமே இணைக்காத நிலையிலும், எந்த போர்ட்டும் வளைந்திராத நிலையிலும் 15 வினாடியில் அணைந்தால் அப்போது சர்வீஸ் செய்பவர் சொன்னது சரி.

புதுப் பேனலை மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. முன்பக்க ஆடியோ இணைப்பும் பார்க்க இதே மாதிரி 9 பின்தான். யுஎஸ்பியில் ஓரத்துப் பின் இல்லாமல் இருக்கும், ஆடியோவில் ஓரத்துக்கு அடுத்த பின் இருக்காது. பொருந்தவில்லை என்றால் அது இடம் மாறிய வயர், பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள். பழைய போர்டுகளில் ஃபயர்வயர் என்று இன்னொரு இணைப்பு உண்டு, அதில் 12 வோல்ட் வரும். அதில் யுஎஸ்பி பேனலை மாட்டினால் செருகிய பென்டிரைவ் அந்த நிமிடமே கருகிவிடும்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர், நீல போர்ட்டுக்கு 900. பென்டிரைவுக்கு இது தாராளம். உள்ளே தட்டு சுற்றுகிற போர்ட்டபிள் டிஸ்க்கோ முதலில் வேகம் எடுக்கும் அந்த ஓரிரு வினாடியில் இதையும் தாண்டிக் கேட்கும். முன்பக்க போர்ட்டுக்குப் போகும் மெல்லிய வயரிலேயே வோல்டேஜ் கொஞ்சம் விழுந்துவிடுவதால் தட்டு சுற்றத் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கும். நீங்கள் கேட்ட 'டிக் டிக்' பெரும்பாலும் அதுதான். பின்பக்க நீல போர்ட்டில், டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளிலேயே போட்டுப் பாருங்கள். அங்கும் டிக் டிக் என்றால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. கிடைக்கிற ஃபைலை உடனே வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். மலிவு விலை ஹப் வாங்கி இதைச் சரிசெய்ய நினைக்காதீர்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப் அதே 500ஐத்தான் நான்காகப் பங்கு போடும்.

நீல போர்ட்டில் டிஸ்க் ஓடும்போது வயர்லெஸ் மவுஸ் தத்தளித்தால் பயப்பட வேண்டாம். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதிவைத்திருக்கிறது. மவுஸின் ரிசீவரைத் தள்ளி வேறு போர்ட்டில் செருகினால் சரியாகும்.

எல்லாம் சரியான பிறகும் சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் ஏதாவது துண்டித்துக்கொண்டால் அது விண்டோஸின் சிக்கனம். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். முன், பின் என்று பேதமில்லாமல் எல்லா போர்ட்டும் சேர்ந்து தடுமாறினால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். அதன் 5 வோல்ட் லைன் 4.75க்குக் கீழே இறங்கக் கூடாது. மல்டிமீட்டர் உள்ளவர் சிவப்பு, கறுப்பு வயரில் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மாற்றுவதானால் முழு எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றுங்கள்; அதன் பெட்டியைப் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான சார்ஜ் தங்கியிருக்கும்.

கடைக்காரருக்கு என்று ஒரு யோசனை: பின்பக்க போர்ட்டிலிருந்து ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன் கேபிளை இழுத்து மேசை மேல் வையுங்கள். வாடிக்கையாளர் பென்டிரைவெல்லாம் அதில்தான். தேய்ந்தால் கேபிள் தேயட்டும்.

கடைசியாக அந்த ஷாக். உங்கள் போர்ட் ஷார்ட் ஆனதற்கு அது காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கும் இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்ட, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பெட்டியைத் தொட்டபடி சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். கசிகிற துளி மின்சாரம் எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் பெட்டி 230இல் பாதி, அதாவது 115 வோல்ட் வரை ஏறி நிற்கும். மின்னோட்டம் சொற்பம் என்பதால் கையில் சுருக்கென்கிறது, அவ்வளவே. எர்த் உள்ள பிரின்டரையோ வேறு கருவியையோ யுஎஸ்பியில் இணைக்கும்போது அந்தக் கசிவு கேபிள் வழியாகப் பாயும். போர்ட்டுகள் சாவதற்கு அதுவும் ஒரு வழி. கசிவு கெப்பாசிட்டரிலிருந்துதான் வருகிறது, இன்சுலேஷன் போய் அல்ல என்பதையும் அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து, சிபியு மாட்டியிருக்கும் மூன்று பின் சாக்கெட்டை அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சிபியு பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு "எர்த் குடுத்தாச்சு" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் உங்கள் சிபியு பெட்டிக்கு வந்துவிடும். எர்த் சரியாகும் வரை பெட்டியின் இரும்பை வாடிக்கையாளர் யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.