சின்ன ரவை, பெரிய வேலை: வான்கோழி வேட்டையில் அடர்த்தியின் பங்கு

மாணவர்களே, பிங்பாங் பந்தும் கோல்ஃப் பந்தும் பருமனில் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டையும் ஒரே வேகத்தில் எறிந்தால் எது அதிகத் தூரம் செல்லும்? கோல்ஃப் பந்துதான். பிங்பாங் பந்தின் வேகத்தைக் காற்று விரைவில் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்கான ஷாட்கன் தோட்டாக்களை மாற்றியமைத்ததும் இதே விதிதான்.

காட்டு வான்கோழி வட அமெரிக்காவைச் சேர்ந்த பறவை. உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் வசந்த காலத்தில் ஆண் பறவைகளை வேட்டையாடுகிறார்கள். தடித்த இறகும் தசையும் அதன் உடலை மூடியிருப்பதால், தலையையும் கழுத்தையும் மட்டுமே குறிவைக்க வேண்டும். குறி சிறியது. அதில் போதிய ரவைகள் படாவிட்டால், பறவை காயத்தோடு ஓடி மறைந்து, நெடுநேரம் துன்புற்றுச் சாகும். ஆகவே ஷாட்கன்னின் திறனை மேம்படுத்துவது என்பது வெடிச் சத்தத்தைக் கூட்டுவது அன்று. ரவைகளைச் சரியான இடத்தில் சேர்ப்பதாகும்.

ரவைகள் ஏன் சிதறுகின்றன?

ஷாட்கன் தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் இருக்கும். குழலை விட்டு வெளியேறியதும் காற்று அவற்றை விலக்குகிறது. ஈயம் மென்மையானது. சுடும்போது நசுங்கிய ஈய ரவைகள் நேர்ப்பாதையிலிருந்து விலகிப் போகின்றன.

சிதறலைக் குறைக்கக் குழலின் முனையைச் சற்றே ஒடுக்குவார்கள். இதற்குச் ‘சோக்’ என்று பெயர். 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், ‘ஃபுல் சோக்’ அதை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறைக்கிறது. அளவுக்கு மீறி ஒடுக்கினால், ரவைகள் நெருக்குண்டு நசுங்கி, முன்னிலும் அதிகமாகச் சிதறக்கூடும்.

அடர்த்தி செய்யும் மாயம்

கோள வடிவ ரவையின் மீதான காற்றுத் தடை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது; அதாவது விட்டத்தின் இருமடியை. அதன் நிறையோ விட்டத்தின் மும்மடியையும் அடர்த்தியையும் பொறுத்தது. தடையை நிறையால் வகுத்தால், வேகத்தைக் காக்கும் திறன் ‘அடர்த்தி × விட்டம்’ என்ற பெருக்கலில் அடங்குவது புரியும்.

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். 3 மில்லிமீட்டர் ஈய ரவைக்கு: 11.3 × 3 = 33.9

டங்ஸ்டன் கலவையின் அடர்த்தி சுமார் 18 கிராம். 2 மில்லிமீட்டர் ரவைக்கு: 18 × 2 = 36

அளவில் சிறியதாக இருந்தும் டங்ஸ்டன் ரவை ஈயத்துக்குச் சளைக்கவில்லை! இதன் பயன் எண்ணிக்கையில் தெரியும். அந்த ஈய ரவை ஒன்றின் நிறை சுமார் 0.16 கிராம், டங்ஸ்டன் ரவையின் நிறை 0.075 கிராம். 50 கிராம் தோட்டாவில் ஈய ரவைகள் 310 அளவில் அடங்கும். டங்ஸ்டன் ரவைகளோ ஏறத்தாழ 660. அதே சிறு குறியில் இருமடங்கு ரவைகள் படும் வாய்ப்பு உண்டு. விலைதான் பல மடங்கு அதிகம்.

ஈயத்தைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. தரையில் கிடக்கும் ஈய ரவைகளை நீர்ப்பறவைகள் கற்கள் என நினைத்து விழுங்கி நஞ்சேறி இறக்கின்றன. அதனால் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைகளை 1991 முதல் அமெரிக்கா நாடு முழுவதும் தடை செய்துள்ளது.

எண்ணினால்தான் தெரியும்

எந்தச் சோக்கும் தோட்டாவும் பொருந்தும் என்பதைக் கண்டறிய, வேட்டைக்காரர்கள் பாதுகாப்பான சுடுதளத்தில், சுமார் 36 மீட்டர் தொலைவில் பெரிய தாளை வைத்துச் சுடுகிறார்கள். பிறகு 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வரைந்து துளைகளை எண்ணுகிறார்கள். இரண்டு தோட்டாக்கள் ஒரே மாதிரி சிதறுவதில்லை. எனவே பலமுறை சோதித்துச் சராசரி எடுக்கிறார்கள். நல்ல அறிவியல் சோதனையும் இப்படித்தான் நடக்கிறது.

செய்து பாருங்கள்

துப்பாக்கி தேவையில்லை. தடித்த துணியை விரித்து, அதில் ஒரு வட்டம் வரையுங்கள். 50 பச்சைப்பயறுகளை முழங்கால் உயரத்திலிருந்து ஒன்றாகக் கொட்டி, வட்டத்துக்குள் நின்றவற்றை எண்ணுங்கள். ஐந்து முறை செய்து சராசரி காணுங்கள். பிறகு, காகிதக் கூம்பின் வழியே கொட்டிப் பாருங்கள். சராசரி மாறுகிறதா?

சிந்தியுங்கள்

1. எஃகின் அடர்த்தி 7.8 கிராம். 3 மில்லிமீட்டர் ஈய ரவைக்கு ஈடாக, எஃகு ரவையின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?
2. அப்படியானால் 50 கிராம் தோட்டாவில் எஃகு ரவைகளின் எண்ணிக்கை கூடுமா, குறையுமா?
3. ஒரே ஒரு முறை சோதித்து முடிவுக்கு வருவது ஏன் தவறு?

விடை: 1. சுமார் 4.3 மில்லிமீட்டர். மற்ற இரண்டையும் நீங்களே எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.